கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன்

ஆயுத பூஜை, இரவு

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகள் கவிதாவின் கம்ப்யூட்டரை அணைத்தது நான்தான். சமயநல்லூர் பட்டறையில் லேத்தை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இது மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது ஓய்வெடுக்கட்டும் என்று சுவிட்சை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டேன்.

கவிதா குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "யப்பா, மூணு நாளா ஓடிக்கிட்டிருந்துச்சுப்பா," என்றாள்.

ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வை ஈரல் செல் ஒரு விதமாகவும் மூளை செல் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டுமாம். எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்ததாம். வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்டாவிட்டால் கருத்தரங்குக்கு அவள் பெயர் போகாது.

"உங்கம்மா ஒரே மாவுல இட்லியும் தோசையும் சுடுறாளே, அந்த மாதிரியா தாயி?" என்று கேட்டுப் பார்த்தேன். எப்போதும் "போங்கப்பா" என்று சிரிப்பவள், திரையைவிட்டுத் திரும்பாமல் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

"நடுவுல கரண்டு போச்சுன்னா?"

"போகக் கூடாதுப்பா."

வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்க வாய் வரவில்லை.

இப்போதுதான் விளக்குப் போடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடுகிறது. திரும்பும்போது பூஜைக்குத் தரையில் வைத்திருந்த சுண்டல் சட்டிக்குள் கால் வைத்துவிட்டேன். கொண்டைக்கடலை. காலைக் கழுவிக்கொண்டேன்.