பலா விழுந்த இடத்தில் கீரை

'தானே' புயல் அடித்து ஐந்து மாதம் ஆகியும், காடாம்புலியூர் தோப்பில் சாய்ந்து கிடந்த பலா மரத்தை அறுக்க வைத்திலிங்கம் விடவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே, கடலூர்க் குடியிருப்பு ஒன்றில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து தொடங்கப்போகும் சந்தைக்கான கூட்டத்துக்குக் கிளம்பிய அவன் மனைவி சந்திரலேகா, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"மாமா, சோறு வடிச்சிட்டேன். கருவாட்டுக் கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

கடலூர்ல வீடு வீடாப் போயி என்ன வேணும்னு கேட்டோம். பலா, முந்திரி எல்லாம் அவுங்களுக்கு எப்பவாவதுதான். அங்க வேலைக்குப் போற பொம்பளைங்க ஜாஸ்தி. அவுங்க வீடு திரும்புற நேரத்துல சந்த இருக்கணும், அன்னன்னிக்குப் பறிச்ச கீர வேணும்னாங்க. பலா கெடக்குற எடத்துல போட்டுத் தரேன்னு சொல்லிட்டேன். ஒங்களக் கேட்டா நேத்து மாதிரி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவீங்க.

மரம் அறுக்க சின்னையன் வருவாரு. டீ போட்டுக் குடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"மனசு வரலன்னா அவரத் திருப்பி அனுப்பிடுங்க. நான் சண்ட போட மாட்டேன். அந்த மரத்தப் பாத்தா எனக்கு அழுக கூட வரல மாமா. அதான் பயமா இருக்கு."

பொழுது சாயும்போது அவள் திரும்பினாள். மரம் துண்டு துண்டாக ஓரத்தில் கிடந்தது. வைத்திலிங்கம் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்:

"என்ன கீர கேட்டாங்க?"