நீ சொல்ல, நான் தட்ட

மாடிப்படியில் உட்கார்ந்து பேத்தி நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல சிவப்பு. அந்த வாசனை கூடத்துக்குள் வந்ததும் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்துவிட்டேன். டைப் அடிக்கும் ஸ்டென்சிலில் எழுத்துப்பிழை விழுந்தால் தடவுவோமே, சின்ன பாட்டிலில் சிவப்பாக ஒரு மருந்து, அதே வாசனை. ஒருநாள் அதை நீ சுண்டுவிரல் நகத்தில் பூசிக்கொண்டு, "எப்டிடி இருக்கு, பிரெஞ்சு மதாம் மாதிரி இல்ல?" என்று கேட்டாய். நம் ஆபீசின் பிரெஞ்சுக்கார டைரக்டர் உள்ளே வந்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாய். அவர் போன பிறகு பார்த்தால் முந்தானையிலும் சிவப்பு.

அப்போதே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடவே என்னைக் கெஞ்ச வேண்டும். இப்போது நீ இல்லாதபோது எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

நாம் பார்த்த வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆலையில் தறி ஓட்டிய என் அப்பாவுக்கு, தண்ணீரைப் பற்றிப் பேசவே ஒரு ஆபீஸ் என்பது கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் விஷயம் எளியதுதான். புதுச்சேரிக் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பிரான்சு ஆராய்ந்தது. மேற்கு ஜெர்மனியும் ஆராய்ந்தது. ஹாலந்தும் இத்தாலியும் அப்படியே. ஆளாளுக்குப் பணம் போட்டார்கள், ஆளாளுக்கு அறிக்கை எழுதினார்கள், ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது. எந்த நாடு எதைச் செய்வது, யாருடைய ஆய்வுக்கூடத்தை யார் பயன்படுத்துவது என்று எல்லோருக்கும் ஒரே கொள்கையாகக் கொண்டுவர ஒரு குழு போட்டார்கள். அதன் காகிதங்கள் எல்லாம் கடற்கரைக்குப் பின்தெருவில் இருந்த நம் ஆபீசின் பின்னறைக்கு வந்தன.

அந்தக் குழு எதற்கு என்று எனக்குப் புரிந்தது கடலோரக் கிராமம் ஒன்றுக்கு ஜீப்பில் போன அன்றுதான். கிணற்றுக்காரம்மா நம்மைப் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "போன மாசந்தான் ஒரு தொர வந்து இதே தண்ணிய மொண்டுகினு போனாரு. அதுக்கு முந்தி நெட்டையா ஒருத்தரு. நீங்க மூணாவது. ஒவ்வொருத்தருக்கும் எளநி வெட்ட என்னால ஆவாது, சொல்லிட்டேன்" என்றார். டைரக்டருக்கு நீ அதைப் பிரெஞ்சில் சொன்னபோது இளநீரை மட்டும் விட்டுவிட்டாய். அவர் காது சிவக்க நின்றார். திரும்பி வரும்போது ஜீப்பில் நம் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாம் வேலை செய்த விதம் இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நீ லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் மட்டும் பல்லைக் கடிப்பாய். நான் தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கில டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். பிரெஞ்சில் 'மெர்சி'க்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. பெயருக்கு நீ மொழிபெயர்ப்பாளர், நான் டைப்பிஸ்ட். கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சுக் காகிதத்தைப் பார்த்து நீ தமிழில் சொல்வாய். நான் அதை ஆங்கிலத்தில் தட்டுவேன். பாரிசிலிருந்து வந்தது ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் போவதற்கு முன்னால் நம் இருவருக்கும் நடுவே ஒருமுறை தமிழாகிவிட்டுத்தான் போனது. யாருக்கும் தெரியாது.

அதில் நாம் பண்ணிய கூத்து கொஞ்சமா? 'பொலித்தீக்' என்று வந்த இடத்திலெல்லாம் முதல் ஆறு மாதம் நீ 'அரசியல்' என்று சொன்னாய். கொள்கைக்கும் அரசியலுக்கும் பிரெஞ்சில் ஒரே வார்த்தையாம், எனக்கு எப்படித் தெரியும்? 'ஐரோப்பிய நாடுகளின் பொது ஆராய்ச்சி அரசியல்' என்று ஆங்கிலத்தில் அடித்து நான்கு நாட்டுக்கும் அனுப்பிவிட்டோம். இத்தாலிக்காரர் மட்டும், இப்போதாவது உண்மையைச் சொன்னீர்களே என்று பாராட்டி எழுதியிருந்தார்.

சிரிப்பும் விளையாட்டுமாகப் போய்க்கொண்டிருந்தாலும் எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் காலமான பிறகு உன் அண்ணன் அம்மாவைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டார். உப்பளம் பகுதி வீட்டில் நீயும் தம்பியும்தான். உனக்கும் அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதங்கள் தயாராக இருந்தன, நினைத்த அன்று ஏறிப்போகலாம். "ஆபீஸ் ஓடுனா நான் இருக்கேன்டி. மூடிட்டா எனக்கு இங்க இன்னா வேல?" என்று சொல்லிவிட்டாய். நான்கு நாடும் சேர்ந்து பணம் போட ஒத்துக்கொண்டால் ஆபீஸ் ஓடும். இல்லாவிட்டால் அந்தக் கோடையோடு பூட்டு. அதைத் தீர்மானிக்கத்தான் குழு புதுச்சேரிக்கு வந்தது. அவர்கள் வந்த காரியம் கிணறும் உப்பும். எனக்கு நீ மட்டும்தான்.

கூட்டம் பிரெஞ்சில் நடந்தது. ஜெர்மன்காரருக்கும் ஹாலந்துக்காரருக்கும் அதில் பாதிதான் பிடிபடும், அதனால் எழுத்தில் ஆங்கிலம் வேண்டும் என்பார்கள். காலையில் பேசியதை மதியக் கூட்டத்துக்குள் இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுக்க வேண்டும், பிரெஞ்சை நீ, ஆங்கிலத்தை நான். நீ உள்ளே உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு ஓட்டமாக வந்தாய்.

"ஜெர்மன்காரரு கேட்டாரு, எல்லா நாட்டுக்காரரும் எடுக்குற தண்ணியையும் இங்க ஒரே எடத்துல சோதிக்கலாம், செலவப் பங்கு போட்டுக்கலாம், பிரான்சு ஒத்துக்குமான்னு. அதுக்கு நம்ம பாரிஸ்காரரு பாக்கலாம்னுட்டாரு."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாந்தான். அடிடி, நேரமாவுது."

அந்த வார்த்தை எனக்குத் தெரியாததா? என் அண்ணனுக்கு ஆலையில் வேலை கேட்டு அப்பா போன இடத்திலெல்லாம் 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் செருப்பைத் தேடியபடி 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. போச்சு, உன்னை அனுப்பிவிட்டார்கள் என்று மனசு விட்டுப்போயிற்று. 'பிரான்சு தரப்புக்கு இதில் சம்மதம் இல்லை' என்று அடித்தேன். அடித்த வேகத்தில் ஸ்டென்சில் ஓட்டையாகிவிட்டது.

மதியம் ஜெர்மன்காரர் அதைப் படித்தார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாரிஸ்காரர் தன் பிரெஞ்சுத் தாளைத் தூக்கிக் காட்டி, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். அதில் 'ஒன் வெரா' என்று இருந்தது, பார்க்கலாம் என்று அர்த்தம். ஒரே கூட்டம், இரண்டு தாளில் இரண்டு பதில். டைரக்டர் நம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நீ நிமிர்ந்து நின்று பிரெஞ்சில் என்னவோ சொன்னாய். பாரிஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். ஹாலந்துக்காரர் மேசையைத் தட்டினார், ஜெர்மன்காரர் உட்கார்ந்தார். நீ என் முழங்கையைக் கிள்ளினாய்.

வெளியே வந்ததும், "இன்னாடி சொன்ன?" என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"உண்மையத்தான் சொன்னேன். நாங்க நடுவுல தமிழ்ல பேசிக்குவோம், எங்க ஊர்ல பெரிய மனுஷங்க பாக்கலாம்னு சொன்னா இல்லன்னு அர்த்தம், அதான் இவ இல்லன்னே அடிச்சிட்டா. நீங்க சொன்னதுக்கு வேற அர்த்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க முசே, மாத்தி அடிச்சித் தரோம்னேன்."

"அதுக்கு?"

"சம்மதம்னு அடிக்கச் சொல்லிட்டாரு."

அவர் மனசிலும் 'இல்லை'தான் இருந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். அத்தனை பேர் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டார், பாவம். டைரக்டருக்கு மட்டும் இரண்டு நாள் அதே நினைப்பு. "நடுவில் தமிழா?" என்று அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

குழு ஊருக்குப் போன அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். ஆபீஸ் தப்பித்தது. எனக்கு உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. "அப்ப நீ இருப்பதானே?" என்று கேட்டேன். நீ பொட்டலத்தில் மிச்சமிருந்த சுண்டலை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாக்கலாம்" என்றாய்.

ஐரோப்பாவுக்கே அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவள் நான். அன்றைக்கு மட்டும் பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. ஒரு மாதம் முழுக்கச் சந்தோஷமாகச் சுற்றினேன்.

பிறகு ஒருநாள் தட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு நீயே சொன்னாய். "அம்மாவுக்கு ஒடம்பு முடியலடி. அண்ணன் வேலைக்குப் போயிடறாரு. அண்ணிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்றதுக்கு ஆளில்ல. கையால காட்டுதாம்." நீ போக வேண்டியதுதான் என்று எனக்கும் தெரிந்தது. இருந்தும் எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். உன் அம்மாமேலும் கோபம். நீ கிளம்பிய அன்று உன் பெரிய பெட்டியைப் பஸ் ஸ்டாண்டுவரை தூக்கி வந்தவள் நான்தான், நீ கை வைக்க வந்தாலும் விடாமல். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "புதுசா வர்றவகிட்ட சண்ட போடாத" என்றாய். அதற்குத்தான் அழுதேன்.

புதிதாக வந்தவளுக்கு இரண்டு மொழியும் சரளமாக வந்தது. பிரெஞ்சைப் பார்ப்பாள், நேராக ஆங்கிலத்தில் எழுதி என் மேசையில் வைப்பாள். ஒரு தப்பு இருக்காது. நான்கு நாடும் ஒழுங்காகச் சேர்ந்து வேலை பார்த்தன, ஒரே கிணற்றுக்கு இரண்டு ஜீப் போவது நின்றது. சண்டை போட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனால் என்ன தட்டுகிறேன் என்பது மட்டும் எனக்குப் புரியாமல் போனது. கையைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. எண்பதுகளின் நடுவில் ஆபீசை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் அரசாங்க வேலைக்குப் போய்விட்டேன்.

இடையில் இரண்டு முறை வந்தாய். முதல் முறை வந்தபோது அம்மா போய்ச் சேர்ந்திருந்தார். "கடைசியா டாக்டர் சொன்னத அம்மாகிட்ட நான் சொல்லலடி. சரியாப் பூடும்னு சொல்றாருன்னு மாத்திச் சொல்லிட்டேன்" என்றாய். உன் வாழ்நாளில் நீ தெரிந்தே செய்த ஒரே தப்பு மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கு உன்னைப் பிடித்த அளவுக்கு என்றுமே பிடித்ததில்லை. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்காக மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். உன் தம்பி வந்து கூப்பிட்டுப் போனான். அங்கேயே கல்யாணம் ஆகி நீ பெற்ற மகள் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். உன் நெற்றி, உன் நடை. பூசை முடிந்ததும் முன்னால் போய் நின்று உன்னைப் பற்றிப் பேசினாள், பிரெஞ்சில். நடுவில் ஓரிடத்தில் சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள், முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் தலை தானாக இடதுபக்கம் திரும்பியது. பின்னறையில் நீ உட்காரும் பக்கம் அதுதானே. ஒரு நிமிஷம் நீ சொல்வதற்காகக் காத்திருந்தேன், நிஜமாகவே காத்திருந்தேன்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஏன் பிரெஞ்சு கற்றுக்கொள்ளவில்லை என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. அந்த மொழி எனக்கு உன் குரலில் வந்தே பழக்கம், தனியாக எனக்கு அது தேவைப்படவில்லை.

வெளியே வரும்போது உன் தம்பி என் கையைப் பிடித்து, "அக்கா, அவ அவங்கம்மாவப் பத்திப் பேசுனது உங்களுக்குப் புரிஞ்சிருக்காதே. நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை, ஆசையாகத்தான் கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். அதை எனக்குச் சொல்ல வேண்டியவள் நீ.