உன் நாட்டுக்குக் கடல் வந்தது

இந்த வளைகுடா ஊரின் கராமாவில், நம் அறைக்குக் கீழே புதிதாக ஒரு ஆப்கானி ரொட்டிக்கடை வந்திருக்கிறது. இன்று மதியம் ரொட்டி சுடும் வாசனை ஜன்னல் வழியே ஏறி வந்தது. உன் கட்டிலில் இப்போது இருக்கும் ஆள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே கம்பெனியில் ஏசி மெக்கானிக். நீ ஆப்கான் மலைக்காரன், நான் குமரிக் கடற்கரைக்காரன். லீவு நாட்களில் சாப்பிட்டுப் படுத்தபடி நீ ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவாய். உன் தாத்தா காலத்தில் ராஜா போனபின் எந்தப் படையும் வராமல் இருந்திருந்தால் உண்டாகியிருக்கும் நாடு. பாரசீகம் பேசும் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றும் ஒரு மாநிலம். ஒவ்வொன்றுக்கும் தன் சபை. நிலமும் சுரங்கமும் உழைப்பவர்களுக்குப் பொது. உன் தங்கைதான் அங்கே கல்வி மந்திரி. நிஜத்தில் அவள் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளியைப் பூட்டி, அவளை வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

"உன் நாட்டுல கடல் உண்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாஃபி, இல்ல" என்றாய்.

"அப்ப நான் வரமாட்டேன்."

சிரிப்பாய் என்று நினைத்தேன். உன் முகம் வாடிப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை என்னை உலுக்கி எழுப்பினாய்.

"பாய், தெற்க ஒரு கடல் மாநிலம் சேந்திருச்சு. புடிச்சுச் சேக்கல, அவங்களே ஓட்டுப் போட்டுச் சேந்தாங்க. படகெல்லாம் மீனவங்களுக்குப் பொது. இப்ப வருவியா?"

"வாறேன்டா" என்றேன்.

ஆகஸ்ட் வெயிலில் சைட் மாடியில் சுருண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரி போகுமுன்பே முடிந்துவிட்டது. உன்னை ஊருக்கு அனுப்ப வழி கூடிவரவில்லை. இங்கேயே மணலில் அடக்கம் செய்தோம். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

சில நாள் கழித்து, என்னிடம் இருந்த உன் போன் அடித்தது. உன் தங்கை. உன்னோடு எல்லைக்கு அப்பால் குவெட்டாவில் அகதியாக வளர்ந்தவள் என்பதால், நாம் பேசிக்கொண்ட உருது அவளுக்கும் தெரிந்திருந்தது. அழுது ஓய்ந்தபின் தயங்கிக் கேட்டாள்: "பாய், நம்ம நாட்டுல இந்த வாரம் என்ன சேதி?"

எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொல்லி வந்திருக்கிறாய். தட்டுத்தடுமாறி, கடல் மாநிலத்தில் வலையில் நெய்மீன் நன்றாகப் படுகிறது என்றேன். அவள் மெல்லச் சிரித்தாள்.

அதன்பின் வெள்ளிதோறும் அழைத்தாள். இப்போது கொஞ்ச காலமாக அந்தப் பக்கம் நெட் இல்லையாம், அழைப்பு வருவதில்லை. ஆனாலும் வேலை செய்யும்போதெல்லாம் அவளுக்காகச் சேதி சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வாரம் கடற்கரையில் பெண்கள் பள்ளி திறந்தாயிற்று. மந்திரி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பேச எழுந்தவள் முதன்முறையாகக் கடலைப் பார்த்தாள். பேச வந்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.