செலோடேப் ஒட்டிய இடம்

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயலின் பிடித்துப் பிடித்து இடது தோள் மட்டும் இறங்கிவிட்டது. பார்த்தால் கோணல் அக்கா என்று கிண்டல் செய்வாய். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய தாள் வந்தது. ஏழு வருடமாகத் தகவல் இல்லாத உன் அண்ணனை இனி உயிரோடு இல்லாதவனாகக் கருதலாம் என்று நாம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள். நீ போட்டுவிட்டாய். உன்மேல் கோபமில்லை. எத்தனை நாள்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது? நானும் போடத்தான் இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அக்காவுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டாமல் கடைசிவரை படி.

ஓட்டல் மாடியில் சனி, ஞாயிறு வாசிப்பது தொடர்கிறது. அதே சினிமாப் பாட்டுகள், பாடகர் இல்லாமல். கல்யாணியில் இரண்டு, ஆபேரியில் ஒன்று, யாராவது எழுந்துபோகப் பார்த்தால் நம் மோகனப் பாட்டு. சாப்பிடுகிறவர்கள் தலை நிமிர மாட்டார்கள். ஸ்பூன் கீழே விழுந்தால் அதுதான் எங்களுக்குக் கைத்தட்டல். தம்பி போன பிறகு அவனுடைய புல்லாங்குழல் பகுதியையும் நானே வயலினில் இழுத்துச் சமாளித்து வந்தேன். பத்து நாளுக்கு முன் புதிதாக ஒரு குழல்காரர் சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார், அதனால் எல்லோருக்கும் அவர் ‘புரூப்’. நல்ல மூச்சு, அடக்கமான மனிதர்.

முதல் நாளே மோகனப் பாட்டு எடுத்தோம். இரண்டாவது இடையிசை உனக்கு நினைவிருக்கும். கேசட் சிக்கி நாடா அறுந்தபோது நீதானே செலோடேப் போட்டு ஒட்டினாய்? ஒட்டிய இடத்தில் ஒலி இல்லை. காந்தாரத்தில் நின்று, சின்னதாக ஒரு மௌனம், பிறகு நேராக மேல் சட்ஜம். நடுவில் பஞ்சமமும் தைவதமும் இருந்தது நமக்குத் தெரியவே தெரியாது. அதைக் கேட்டுத்தானே மூன்று பேரும் பாடம் பண்ணினோம். உலகத்தில் அந்தப் பாட்டை ஓட்டையோடு வாசித்தவர்கள் நாம் மூவர்தான்.

புரூப் அந்த இடத்தில் நின்றார். அதே அளவு மௌனம். பிறகு மேல் சட்ஜம்.

வாசித்து முடித்ததும் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். கூச்சப்பட்டார். “யார்கிட்டயும் கத்துக்கலைங்க. என் ரூமுக்குப் பக்கத்துல தினமும் சாயங்காலம் ஒருத்தர் வாசிக்கிறார். கேட்டுக் கேட்டு அப்படியே வந்துடுச்சு.”

தம்பி இதே ஊரில் இருக்கிறான், ஒரு சுவருக்கு அப்பால்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அவர் வேலை விட்டதும் வயலினோடு அவருடன் போனேன். மூன்றாவது மாடி, கடைசி அறை. கட்டில், நாற்காலி, மை வாசனை அடிக்கும் தாள் கட்டுகள். அவர் காட்டிய சுவரில் துருப்பிடித்த சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. இருவரும் சேர்ந்து தள்ளித் திறந்தோம். அந்தப் பக்கம் அறையே இல்லை. மூன்று மாடிக்குக் கீழே காலி மனை, அதில் வெயில். குடிவந்ததிலிருந்து அதைத் திறந்ததே இல்லை என்று முணுமுணுத்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன் தொடங்கியது. சுவருக்குள்ளிருந்து, அவ்வளவு பக்கத்தில். வெயில் பட்ட சுவர் சில்லென்றிருந்தது. காதை வைத்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்முன் உதட்டை நனைத்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. அவனேதான். நான் முதல் இடையிசையை வாசித்தேன். குழல் நின்று கேட்டது. பிறகு எப்போதும்போல் பதில் சொன்னது. சொன்னால் நம்ப மாட்டாய், எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே உன்னிடம் மறைத்ததைச் சொல்லியாக வேண்டும். அவன் காரணமே இல்லாமல் போய்விட்டான் என்று எழுதினேனே, அது பொய். நீ கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள் ரேடியோவில் முழுப் பாட்டைக் கேட்டேன். விட்டுப்போன ஸ்வரங்கள் தெரிந்தன. திருத்திக்கொள் என்று அவனிடம் சொன்னேன். “நம்ம வீட்டுப் பாட்டு இப்படித்தான்க்கா” என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று மேடையில், கூட்டம் நிறைந்திருக்க, அவன் நின்ற இடத்தில் அந்த இரண்டையும் அழுத்தி வாசித்தேன். அவனைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் குழலைத் துணிப்பையில் போட்டான், இறங்கிப் போனான்.

சுவரில் இரண்டாவது இடையிசை வந்தது. காந்தாரத்தில் நின்றான். நான் வேண்டுமென்று செய்யவில்லை, சின்னவளே. ஏழு வருடமாகப் பழகிய கை. பஞ்சமம், தைவதம் இரண்டும் என் வயலினில் வந்து விழுந்துவிட்டன.

மேல் சட்ஜம் வரவேயில்லை.

ஒன்பது நாளாகப் போகிறேன். புரூப் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஓட்டையோடு வாசிக்கப் பார்க்கிறேன். விரலைத் துணியால் கட்டிப் பார்த்தேன், வில்லைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கினாலும் மனது வாசித்துவிடுகிறது. அவனுக்கு அதுவும் கேட்கிறது போல. நேற்று குழல் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஊதுவதற்காக இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் மூச்சு. நான் கதவைப் பூட்டும்வரை அவன் அதை விடவில்லை.

உன் கை மட்டும்தான் இன்னும் கெடாமல் இருக்கிறது. லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் எழுதாதே. மேண்டலினை எடுத்துக்கொண்டு வா. அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, நீ ஒட்டிய மாதிரியே வாசி. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன்
அக்கா

பி.கு.: உறையை ஒட்டும்முன் படித்துப் பார்த்தேன். உனக்குத் தெரியவே கூடாத அந்த இரண்டு ஸ்வரங்களையும் பெயர் சொல்லி எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். இது நான்காவது முறை எழுதியது. இதிலும் கை அவற்றை எழுதிவிட்டது. படித்திருந்தால் மறந்துவிடு அம்மா. உன்னால் முடியும்தானே?