நம்பர் தாளின் பின்பக்கம்

பிரிக்ஃபீல்ட்ஸ்
15 ஏப்ரல் 2024

என் அன்பு கார்த்திகா அக்காவுக்கு,

ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புத்தாண்டு வாழ்த்து அதற்கு அடுத்ததுதான், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் தையல் கடைக்கு ஒரு பிலிப்பீன் அக்கா சட்டை கொண்டுவந்தார். பெயர் மரிசெல். பங்சாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் கொடுத்த சட்டையாம், தொளதொளவென்று இருந்தது, பக்கங்களைப் பிடித்துத் தைக்க வேண்டும். நெஞ்சில் நம்பர் தாள் இன்னும் குத்தியபடியே இருந்தது. கடைக்கார நல்லம்மாள் அக்கா கழற்றச் சொன்னார். நான்கு ஊக்குகளையும் எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். முன்பக்கம் பெரிதாக 318. பின்பக்கம் பேனாவால் 'கிரேஸ்' என்று ஒரு பெயர், கீழே ஒரு போன் நம்பர். பிலிப்பீன் நம்பர் இல்லை, நம் நாட்டு நம்பர்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அவர் சட்டையை வாங்க வந்தபோதும் வாய் திறக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டிவிட்டு நின்றேன். அவருக்கே புரிந்தது. பாதி மலாய், பாதி இங்கிலீஷில் சொன்னார்:

"ஓடும்போது விழுந்துட்டா யாரைக் கூப்பிடணும்னு எழுதறது. எங்கம்மா பிலிப்பீன்ல, இலோய்லோவுல இருக்காங்க. அவங்களுக்குப் போன் போட்டா என்ன செய்வாங்க? அழுவாங்க. கிரேஸ் செராஸ்ல இருக்கா, டாக்சி பிடிச்சு வந்துடுவா. வரக்கூடிய ஆளைத்தான் எழுதணும், தங்கச்சி."

கிரேஸின் தாளில் மரிசெல்லின் பெயர் இருக்குமாம். ஞாயிறுதோறும் ஏரிப் பூங்காவில் ஐம்பது பேர் ஓடுகிறார்கள், எல்லாரும் இப்படித்தான் ஒருவர் பெயரை ஒருவர் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். இதை நினைத்துக்கொண்டே அன்றைக்கு ஒரு பாவாடையைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

நேற்று அப்பா லோரியோடு ஜொகூரில் இருந்தார். நான் விடியற்காலையில் ஏரிப் பூங்காவுக்குப் போனேன். வேறு சப்பாத்து இல்லை, பள்ளிக்கூடத்துக் கறுப்புச் சப்பாத்துதான். பெருவிரல் இடித்தது. இரண்டு தென்னைமர தூரம் ஓடினேன், பிறகு நடந்தேன், பிறகு ஓடினேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அப்பா என் போனை இன்னும் தரவில்லை. வழக்கம்போல் கடை முகவரிக்கே எழுது. உன்னோடு இருக்கும் வீரம்மா ஆன்டிக்கு என் வணக்கம்.

உன் லோகு


ரவாங்
24 ஏப்ரல் 2024

லோகுக் குட்டி,

நீயா ஓடினாய்? பஸ் கிளம்பிவிட்டது என்று நான் கத்தினாலும் நடந்தே வருகிறவள் நீ! பள்ளி விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடச் சொன்னதற்குக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு, ஆசிரியை என்னை அனுப்பி உன்னை இழுத்துவரச் சொன்னது நினைவிருக்கிறதா? உன் கடிதத்தை வீரம்மா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு தென்ன மரம் தூரம்லாம் ஒரு கணக்கா?" என்று அவர் சிரித்ததில் தேநீர் கொட்டிவிட்டது.

பெருவிரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தடிப்பான காலுறை இரண்டு ஜோடி வாங்கினேன், இதோடு வருகிறது. ஆரஞ்சு நிறம்தான் கிடைத்தது.

இங்கே தினமும் சாயங்கால மழை. தொழிற்சாலையில் என்னைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள், நிற்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. நானும் கேட்பதில்லை. ஓடுவதும் இந்தக் கடிதங்களும் அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்.

அக்கா


பிரிக்ஃபீல்ட்ஸ்
12 மே 2024

அன்பு அக்கா,

காலுறை அருமை. தூரத்திலிருந்தே என்னைத் தெரிகிறதாம். மரிசெல் ஆத்தே சொல்கிறார். 'ஆத்தே' என்றால் அவர்கள் மொழியில் அக்கா. ஆனால் நீதான் அக்கா, அவர் ஆத்தே. கவலைப்படாதே.

ஐந்து ஞாயிறு ஓடிவிட்டேன். இவர்கள் ஓடுகிற விதமே வேறு. முதலில் வட்டமாக நின்று ஜெபம். பிறகு எல்லாரும் ஒன்றாகக் குதித்து ஒரு படம். ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடியும் குதிப்பார்கள். பிறகுதான் ஓட்டம். முடிந்ததும் புல்லில் பாய் விரித்து, காலை எட்டு மணிக்கே சோறு! கோழிக் கறி புளிப்பாக இருக்கிறது, நம் புளிக்குழம்பில் கோழி தவறி விழுந்ததுபோல. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

எப்போதும் நான்தான் கடைசி. முன்னால் ஓடி முடித்தவர்கள் சும்மா உட்காருவதில்லை. திரும்ப வந்து, கடைசி ஆளோடு மறுபடியும் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். அது அவர்கள் பழக்கம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் அவர்கள் வருகிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேதான் ஓடுகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி அவர்களுடைய சுதந்திர தினத்துக்காக ஓட்டம் வைக்கிறார்கள். நான் ஐந்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஏற்பாடு செய்கிற ரோமெல் அண்ணன் ஒரு பாரம் கொடுத்தார். பெயர், வயது, சட்டை அளவு. 'லோகேஸ்வரி த/பெ வேலாயுதம்' என்று முழுதாக எழுதினேன். நான்காம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து என் முழுப் பெயரை எந்தத் தாளிலும் எழுதவில்லை அக்கா.

கடைசியில் ஒரு கட்டம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அதைக் காலியாக விட்டேன். "என் பேரை எழுதட்டுமா?" என்று மரிசெல் ஆத்தே கேட்டார். நான் தலையாட்டவில்லை. "சரி, அன்னைக்குக் காலையில தாளுக்குப் பின்னால எழுதிக்கலாம்" என்றார்.

அக்கா, உன் போன் நம்பர் தருவாயா? கூப்பிட மாட்டேன். எழுதிக்கொள்ள மட்டும்தான்.

லோகு


ரவாங்
20 மே 2024

லோகு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

முடியாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் முடியாது. போன வருடம் கிள்ளானில் நடந்தது உனக்குத் தெரியும். உன் போனில் என் நம்பரை 'டீச்சர்' என்று ஒளித்து வைத்திருந்தாய். அப்பா "யாரு இது?" என்று ஒருமுறை கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அவர் நான் வேலை செய்த கிளினிக்குக்கே வந்தார். அத்தனை நோயாளிகள் முன்னால், "தம்புசாமி மகனோட கல்யாணத்துக்கு நாள் குறிச்ச வாரத்துல வீட்ட விட்டு ஓடினவ இவதான்" என்று கத்தினார். மறுநாள் என்னை வர வேண்டாம் என்றார்கள். ரவாங்குக்கு வந்த பிறகுதான் இரவில் தூங்குகிறேன்.

உன்மேல் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. அப்பாவிடம் உனக்கு 'இல்லை' என்ற சொல் வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். நம்பரைக் கொடுத்தால் உனக்குத்தான் பாரம்.

மரிசெல் பெயரையே எழுதிக்கொள், கண்ணு. நல்ல மனுஷியாகத் தெரிகிறார். ஓடும் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடு.

அக்கா


பிரிக்ஃபீல்ட்ஸ்
28 மே 2024

அன்பு அக்கா,

நீ எழுதியது சரிதான். நான் வருத்தப்படவில்லை. ஒரு நாள்தான் வருத்தப்பட்டேன்.

இந்தக் கடிதத்தை நம்பர் கேட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். கொடியில் சப்பாத்தும் ஆரஞ்சுக் காலுறையும் காய்ந்துகொண்டிருந்தன. காலுறையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இந்த ஸ்டோக்கின் யாரு வாங்கிக் குடுத்தது?"

எனக்குப் பொய் வராது. "அக்கா" என்றேன்.

"எங்க இருக்கா அவ?"

கொடியிலிருந்து சப்பாத்தை எடுத்தேன். அவர் மறுபடியும் கேட்டார். இரண்டாவது முறைதான் பதில் சொன்னேன். "சொல்ல மாட்டேம்பா."

"என்னது?"

"சொல்ல மாட்டேன்."

அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல. ஞாயிறு ஓடுவதையும் ஒன்பதாம் தேதி ஓட்டத்தையும் மட்டும் சொன்னேன்.

"ஒருத்தி ஓடினது பத்தலியா, நீயும் ஓடறியா?" என்றார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். மீனில் உப்பு அதிகம் என்றார். கை கழுவும்போது, "எவ்ளோ தூரம் ஓடணும்?" என்று கேட்டார்.

"அஞ்சு கிலோமீட்டர்."

"இங்கேருந்து மஸ்ஜித் இந்தியா போயி வர்ற தூரம்."

"ஆமாப்பா."

"அதுக்கு பஸ்ஸு இருக்கே லா."

அக்கா, நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் கடிதங்கள் கடையில் நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. மரிசெல் ஆத்தே பெயரையே எழுதிக்கொள்கிறேன். அவர் கட்டாயம் வருவார்.

லோகு


ரவாங்
3 ஜூன் 2024

என் லோகு,

நான் வீட்டை விட்டு வந்ததற்கு அடுத்த மாதம் அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். இத்தனை கடிதத்தில் ஒரு வரியில்கூட நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கு அப்பா கேட்டபோதும் நீ எனக்காகத்தான் நின்றாய்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார்.

கொமியூட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன். விழுந்தால் வருவேன். விழாதே.

அக்கா


பிரிக்ஃபீல்ட்ஸ்
9 ஜூன் 2024, சாயங்காலம்

அன்பு அக்கா,

விழவில்லை.

ஐந்து கிலோமீட்டர், நாற்பத்தோரு நிமிடம். கடைசி இல்லை, எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள்! அதில் ஒருவர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார் என்பதை நீ வீரம்மா ஆன்டியிடம் சொல்ல வேண்டாம்.

விடியற்காலை சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தலைசீவி, கால்சட்டை போட்டு, சாவியோடு நின்றார். "ஏறு" என்றார். அக்கா, லோரியில்! எல்லாரும் காரிலும் ரயிலிலும் வந்திறங்க, நான் பூங்கா வாசலில் லோரியிலிருந்து குதித்தேன். பிலிப்பீன்காரர்கள் கைதட்டினார்கள். லோரிக்கு முன்னால் நின்று இரண்டு முறை குதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா லோரியை நிறுத்தப் போன நேரத்தில் மரிசெல் ஆத்தேயிடம் பேனா வாங்கி எழுதினேன். உன் பெயர், உன் நம்பர். பிறகு நெஞ்சில் குத்திக்கொண்டேன். எழுதின பக்கம் உள்ளே போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கு 207 மட்டும்தான் தெரியும்.

கடைசித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். மரிசெல் ஆத்தேயும் கிரேஸும் திரும்ப ஓடி வந்தார்கள், இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். "மெதுவா வா லா, யாரு தொரத்தறா!" என்று அவரும் கத்தினார். தமிழில் கத்தியது அவர் ஒருவர்தான். எனக்கு அது தனியாகக் கேட்டது.

கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அப்போதுதான் கிரேஸ் அப்பாவிடம் மலாயில் சொன்னார்: "அங்கிள், நல்லவேளை, உங்களுக்குப் போன் போட வேண்டிய வேலை இல்லாம போச்சு." அப்பாவுக்குப் புரியவில்லை. கிரேஸ் தன் தாளைத் திருப்பிக் காட்டி எல்லாம் விளக்கினார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது அக்கா. அம்மா இருந்தபோது பார்த்தது.

"எம் பேரையா எழுதிருக்க?" என்றார். "கழட்டிக் குடு. லோரியில மாட்டி வைக்கிறேன்." அவரே ஊக்கைக் கழற்றக் கையை நீட்டினார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான் தாளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

"இல்லப்பா. அக்கா பேரு."

நீட்டின கை அப்படியே இருந்தது. பிறகு அதே கையால் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"கூப்பிட்டா வருவாளா?"

"வருவா."

அவர் லோரி நின்ற பக்கம் பார்த்தார். "பசிக்குது" என்றார். எல்லாரோடும் பாயில் உட்கார்ந்து அந்தப் புளிப்புக் கோழியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மீனுக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்று இவர்களிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அவர் பெயரை எழுதாதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது அக்கா. விழுந்தால் அவரும் வருவார். லோரியோடு வந்துவிடுவார். ஆனால் இந்த முறை நீதான்.

வீட்டுக்கு வரும்போது பதக்கத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்தோடு மாட்டினார். வழியெல்லாம் அது ஆடிக்கொண்டே வந்தது. உன்னைப் பற்றி அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் நம்பர் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வியர்வையில் கடைசி இரண்டு எண்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டன, இடவலம் மாறி. அதைத் துவைத்துவிட்டேன்.

தாளிலிருந்து நான்கு ஊக்குகளையும் எடுத்தேன். தாளை இரண்டாக மடித்து, இந்த உறைக்குள் உனக்கு வைத்திருக்கிறேன்.

லோகேஸ்வரி