வலது காதும் இருபத்தெட்டாம் தேதியும்

14 அக்டோபர் 2025, செவ்வாய். இரவு 9.40. பதினொரு பரிசோதனை. பத்து தேறியது, ஒன்று தேறவில்லை.

தேறாதது வலது காது.

கோலாலம்பூர் மொத்தக் காய்கறிச் சந்தை வாசல். செல்வம் மாமாவின் லோரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டைக்கோஸ் இறக்கியாயிற்று. மாமா சாப்பிடப் போயிருக்கிறார். மழை.

விமானப்படை விமானி மருத்துவம், இன்று நடந்தவரை:

கண் – 6/6, இரண்டும்.
நிறப் புள்ளிப் படம் – எல்லா எண்ணும் சொன்னேன்.
இதயம், நெஞ்சு எக்ஸ்ரே, முதுகெலும்பு எக்ஸ்ரே – சரி.
ரத்தம், சிறுநீர், பல் – சரி.
ரத்த அழுத்தம் – முதலில் கூடுதல். பத்து நிமிடம் உட்காரவைத்து எடுத்ததில் சரி.
உட்கார்ந்த உயரம், தொடை நீளம் – சரி. தொடை நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் போய்விடுமாம். எனக்கு முன்னால் நின்ற ஆறடிக்காரன் இதில் போனான். அழவில்லை. சப்பாத்துக் கயிற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கட்டினான்.

காது: மூக்கைப் பிடித்து, வாயை மூடி ஊதச் சொன்னார்கள். காதுக்குள் ‘டப்’ என்று திறக்க வேண்டும். இடது திறந்தது. வலது இல்லை. நாலு நாளாகச் சளி. எங்கள் மலைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போதே அடைத்துக்கொண்டது. தொண்டைக்கும் காதுக்கும் நடுவே ஒரு குழாய், சளியில் வீங்கி மூடிக்கொள்ளும். விமானம் இறங்கும்போது ஒரு காது திறந்து மறு காது அடைத்தால் விமானிக்குத் தலை சுற்றும். அதனால் விதி. விதியில் தப்பில்லை.

மருத்துவ மேஜர் ஒரு பெண்மணி. தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினார். 28-ஆம் தேதி திரும்ப வர வேண்டும். சளி ஆறட்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஊதிப் பார் என்றார். “பெலான்-பெலான்.” மெதுவாக, மெதுவாக என்று கையாலும் காட்டினார்.

ஏப்ரலில் எனக்கு வயது தாண்டுகிறது. இந்தச் சேர்க்கைதான் கடைசி. பதிவு மேஜையில் இருந்த சார்ஜெண்டிடம் கேட்டேன். மருத்துவக் குறைக்கு விலக்கு கேட்கலாம், மருத்துவ வாரியம் பார்க்கும். வயதுக்கு விலக்கே கிடையாது.

மாமா திரும்பி வந்து கேட்டார்: “என்ன மாப்ள, ப்ளேன் ஓட்டக் காது எதுக்கு? கையும் காலும் போதாதா?”

“ஹாரன் கேக்க.”

“வானத்துல எவன்டா ஹாரன் அடிக்கிறான்.”

பிற்பாடு, வீட்டில்: மலையடித் தாப்பா வரை தூங்கினேன். வளைவுகளில் விழித்தேன். எங்கள் மலையின் முதல் ஊர் ரிங்லெட் வரும்போது வலது காது கல்லாக அடைத்திருந்தது.

16 அக்., வியாழன்

விடாத மழை. தொழிற்சாலைக்கு வந்த தேயிலைக் கொழுந்து ஈரம். வாட்டும் தொட்டி விசிறி இரண்டு ஓடவில்லை. காலை முழுக்க அதோடு மாரடித்தேன். டிப்ளோமா படித்தது விசிறி பெல்ட் மாற்ற.

சளி குறைவு. வலது காது (இனி வ.கா.) அதே நிலை. நேற்று மூன்று தடவை மெதுவாக ஊதினேன். ஒன்றும் இல்லை. இந்த ‘மெதுவாக’ எனக்கு விளங்கவில்லை. இறுகிப்போன வால்வை யாராவது தடவிக்கொடுத்துத் திறப்பார்களா? அழுத்தம் ஏற்றினால் ஏதோ ஒரு அளவில் திறந்தே ஆக வேண்டும். இன்று இருபது தடவை.

அம்மா: “என்ன தம்பி, மூஞ்சி செவந்து கெடக்கு? யாரு மேல கோவம்?”

“காது மேல.”

“அது என்ன பண்ணுச்சு உன்ன?”

17 அக்., வெள்ளி

மதியம் 2.10. திறந்துவிட்டது.

கம்ப்ரஸர் அறைப் பின்பக்கம். முழு மூச்சு இழுத்து, இருந்த பலத்தை எல்லாம் வைத்து ஊதினேன். ஊசி குத்தியதுபோல் ஒரு வலி. உடனே ‘புஸ்’. காற்று போகிறது. திரும்ப ஊதினேன், திரும்பப் போகிறது, சின்ன விசில் சத்தத்தோடு. நாலைந்து தடவை சரிபார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விசில்.

நேற்றும் முந்தாநாளும் ஊதியதற்கு முதல் நாளே பலமாக ஊதியிருக்கலாம்.

மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குப் பெருவிரல் படம் மூன்று.

18 அக்., சனி

தலையணையில் துரு நிறத்தில் ஒரு புள்ளி. பருவாக இருக்கும். வ.கா.வில் சத்தம் கொஞ்சம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல். சளியின் மிச்சம்.

சாயங்காலம் ரிங்லெட். வாங்கியது: நல்லெண்ணெய், வெற்றிலை, சீயக்காய், வேட்டி ஒன்று, மத்தாப்பு (பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு). சாலை முழுக்க மேலே போகும் சுற்றுலாக் கார்கள். நடந்தே திரும்பினேன்.

20 அக்., திங்கள். தீபாவளி

காலை 5. குளிர், பனி மூட்டம். அப்பா சிங்கப்பூரிலேயே. லீவு இல்லையாம். போனில் வாழ்த்து.

அம்மா மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலையில் வைத்தார். சூடு பதமாகத்தான் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைப்பார். வருஷா வருஷம்போல் தலையைச் சாய்த்துப் பிடித்து இடது காதில் இரண்டு சொட்டு, வலதில் இரண்டு சொட்டு.

“கண்ண மூடு. அசையாத.”

அசையவில்லை. அரை நிமிடத்தில் தொண்டையில் மிளகு.

வாய் மூடியிருந்தது. உதட்டில் எண்ணெய் இல்லை. தொண்டையின் பின்பக்கம் காரம் இறங்குகிறது. இருமினேன். எண்ணெய் ருசி.

காதில் ஊற்றியது தொண்டைக்கு வர வழி கிடையாது. நடுவில் செவிப்பறை. குழாய் அதற்கு அந்தப் பக்கம். எண்ணெய் வந்துவிட்டது என்றால் நடுவில் உள்ளது ஒழுகுகிறது. தொழிற்சாலையில் ஒழுக்கு பார்க்க நாங்கள் சோப்புத் தண்ணீர் தடவுவோம். எனக்கு நல்லெண்ணெய் தடவியாயிற்று.

வெள்ளிக்கிழமை திறந்தது குழாய் இல்லை. விசில் அடித்தது ஓட்டை.

“என்னடா தம்பி, ஏன் இப்படி முழிக்கிற?”

“எண்ணெ தொண்டைக்கு வந்துருச்சும்மா.”

எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். குளித்தோம். இட்லி, ஆட்டுக்கறி. எதிலும் மிளகு ருசி மட்டும்தான்.

22 அக்., புதன்

ஈப்போ. காது மூக்கு தொண்டை டாக்டர், தமிழர். அம்மா மெஷின் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. (கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் தூக்க வேண்டும். அம்மா இல்லை என்றால் மறுபக்கம் பிடிக்கும் நேப்பாளிக்கும் வேலை இல்லை.)

டாக்டர் உள்ளே பார்த்ததைத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத் தோலில் முன்பக்கம், கீழே, மிளகு அளவுகூட இல்லாத ஓட்டை. சுற்றிலும் எண்ணெய் மினுமினுப்பு.

“காதுல எண்ணெ ஊத்துனது யாரு?”

“நான்தான் டாக்டர்,” அம்மா. “தீவாளிக்கு வழக்கம்.”

“வழக்கமா? பாருங்கம்மா, எங்க வந்து நிக்கிதுன்னு. இனிமே ஒரு சொட்டு விடக்கூடாது. ப்ளேன் ஓட்டப் போற புள்ள காது.”

அம்மா தலையாட்டினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதியே வைக்கிறேன்: சொல்லவில்லை.

டாக்டர் சொன்னவை: தானே மூடிக்கொள்ளும், பெரும்பாலும். வாரக்கணக்கு ஆகும். தண்ணீர் படக்கூடாது. மூக்குச் சிந்தக்கூடாது. ஊதவே கூடாது. 28-க்குள் மூடாது.

கொடுத்த கடிதத்தில் காரணம்: காதில் ஊற்றிய சூடான எண்ணெய்.

பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம். முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். என் இடது காது அவர் பக்கம்; என்ன சொன்னாலும் கேட்டிருக்கும்.

24 அக்., வெள்ளி

காலை சார்ஜெண்டுக்குப் போன். எதையும் மறைக்க முடியாது. அவர்கள் மெஷின் காதில் அழுத்தம் ஏற்றிக் கோடு போடும், ஓட்டை என்றால் காட்டிவிடும். கடிதத்தோடு வா என்றார். வாரியம் டிசம்பரில் மறுபடி கூடும். மூடிய ஓட்டைக்கு விலக்கு கொடுத்த வழக்கம் உண்டு, கேட்கும் திறனும் காது திறப்பதும் சரியாக இருந்தால். ஆனால் காரணத்தைப் பார்ப்பார்களாம். விபத்தா, நோயா, ஆளின் கவனக்குறைவா.

மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. மூன்றையும் எழுதிக்கொண்டு மூன்றாவதன் கீழே கோடு போட்டேன்.

முருகையா கிராணியிடம் காட்டினேன். பாக்டரி ஆபீஸ் கணக்கு அவர்தான். எங்கள் லயத்தில், தோட்டக் குடியிருப்பில், யாருக்கு மனு எழுதுவதென்றாலும் அவர்தான். அவருக்கு மட்டும் எல்லாம் சொன்னேன், கம்ப்ரஸர் அறை உட்பட.

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “இதுல என்ன கொறை? டாக்டரே எண்ணெய்னு எழுதிட்டாரு. பேசாம குடுத்துட்டு வா.”

“உண்மை இல்லையே.”

“மேஜர் மெதுவா ஊதுன்னாங்க, நீ ஒடைச்சிட்டு வந்து நிக்கிற. அப்படி எழுதுனா என்ன நெனைப்பாங்க? சொன்ன பேச்சு கேக்காதவன் கையில ப்ளேன குடுப்பாங்களா லா? எண்ணெய்னா நம்ம ஆளுங்க பழக்கம்னு விட்டுருவாங்க. யாருக்கு நட்டம்?”

கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். கிராணி சொன்னது கணக்குப்படி சரி. அதுதான் எரிச்சல்.

உலர்த்தும் மெஷின் நம்பர் 2 பேரிங் சத்தம் போடுகிறது. வ.கா.வில் கேட்காது. இ.கா.வைத் திருப்பிக் கேட்டேன்.

26 அக்., ஞாயிறு

மழை விட்டுவிட்டு. குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சு காதில். சலிப்பு. ஒரு தும்மலுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாமா வந்தார், நாளைக்கு லோரியில் ஏற்றத் திரிங்காப் ஊரில் தக்காளிக்குப் பேசிவிட்டு. அவரும் அம்மாவும் அடுப்படியில். நான் கட்டிலில், நல்ல காது மேலே இருக்கும்படி படுத்திருந்தேன். தூங்குவதாக நினைத்திருப்பார்கள்.

அம்மா: “ஆறு வயசுலேர்ந்து ப்ளேன் ப்ளேன்னு கெடந்தான். பத்து டெஸ்ட் பாஸ் பண்ணுனான். ரெண்டு சொட்டுல நான் கெடுத்துட்டேன்.”

மாமா: “சும்மா இரு. தீவாளிக்கு எனக்கு ஊத்தாத எண்ணெயா? நான் என்ன செவுடாவா இருக்கேன்?”

“நீ லோரி ஓட்டுற.”

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “பட்டாளத்துப் பெரிய டாக்டர் கேட்டா என் மேல போட்ருன்னு அவன்கிட்ட சொல்லு. நானே வந்து சொல்லணும்னாலும் வர்றேன். நான் சொன்னா அவனுக்குக் கோவம் வரும், நீ சொல்லு.”

பிறகு தகரப் பாத்திரச் சத்தம். தீபாவளி எண்ணெய் மீதியை வாசல் சாக்கடையில் ஊற்றினார். அரை போத்தல் இருக்கும்.

கிராணி கேட்டாரே, யாருக்கு நட்டம் என்று.

27 அக்., திங்கள். மாலை 4.50

வெயில். பத்து நாளில் முதல் தடவை. கோலா தெர்லாவில் மண்சரிவு என்று பேச்சு, ஆனால் தாப்பா சாலை திறந்திருக்கிறது. மாமா 6.30-க்கு வருகிறார்.

பை: அடையாள அட்டை, டாக்டர் கடிதம், டிப்ளோமாச் சான்றிதழ் (பட்டம் இல்லை), துண்டு, பஞ்சு, வாஸலின்.

காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். காரணம் தப்பு, வெள்ளிக்கிழமை நானே பலமாக ஊதினேன், எண்ணெய் மூன்று நாள் கழித்து, ஓட்டை இருந்ததால்தான் உள்ளே போனது என்றேன். டாக்டர்: “அன்னைக்கே சொல்றதுக்கென்ன? உங்கம்மாவ நான் அவ்வளவு பேசுனேன்.” திருத்திய கடிதம் போனுக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒரு வரி கேட்காமலேயே சேர்த்திருக்கிறார்: எண்ணெய் தொண்டைக்கு வந்து ஓட்டையைக் காட்டியிருக்காவிட்டால் நோயாளி தொடர்ந்து ஊதியிருப்பார், ஓட்டை பெரிதாகியிருக்கும்.

கிராணியிடம் அச்சு எடுக்கப் போனேன். படித்துவிட்டு, “உன் இஷ்டம் லா” என்றார். தாளுக்குக் காசு வாங்கவில்லை.

விலக்கு கிடைக்குமா தெரியாது. கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சோர்வுதான் இருக்கிறது, பயம்கூட இல்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. இறக்கத்தில் எச்சில் விழுங்குவது மட்டும். மாமா என்ன சொன்னாலும் ஊதக்கூடாது.
2. பழைய கடிதத்தைக் கிழிப்பது. கையில் இரண்டு இருந்தால் பழையதன் பக்கம் புத்தி போகும்.
3. மேஜரிடம் முதலில் வாயால்: மெதுவாக என்றீர்கள், நான் கேட்கவில்லை. பிறகு கடிதம். பிறகு விலக்கு மனு.
4. வியாழன்: நம்பர் 2 பேரிங். எது எப்படிப் போனாலும் அது மாற்ற வேண்டும்.
5. இது 1 ஆக இருந்திருக்க வேண்டும். அம்மா மெஷின் வேலை முடிந்து வந்துவிட்டார், வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம். லோரி வருவதற்குள் சொல்வது: ஓட்டை என்னால், எண்ணெயால் இல்லை. அவர் சாக்கடையில் கொட்டியதற்குப் பதில் எண்ணெய் வாங்க ரிங்லெட் போக வேண்டும், அரை போத்தல்.