காய்கறித் தட்டில் கிடந்த ஒயின்

ஜூன் 3, செவ்வாய்

எரிச்சல் அடங்கவில்லை. ஒயினை ருசித்துத் தரம் சொல்வதுதான் ஹோட்டலில் என் வேலை. எனக்கென்று நான் வாங்கியது ஒரே ஒரு சிவப்பு ஒயின். வருடக்கணக்கில் முதிரக்கூடிய ரகம். ஆறு வருடமாக ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தேன்.

இன்று வேலை முடிந்து ராயபுரம் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீருக்காக ஃபிரிட்ஜைத் திறந்தால் அந்தப் பாட்டிலில் தண்ணீர்!

என் வீட்டுக்காரர் லீவு போட்டு ஃபிரிட்ஜைக் கழுவியிருக்கிறார். “பாட்டிலு அடியில ஒரே கலீஜா கீது மா. தொறந்து ஒரு வாய் பாத்தேன், புளிக்குது. நீ குடிச்சி வவுறு கெட்டுடப் போவுதுன்னு சிங்க்ல ஊத்திட்டேன். பாட்டிலு ஷோக்கா இருந்துச்சி, கழுவி வெச்சிட்டேன்.”

நல்ல ஒயின் முதிர்ந்தால் வண்டல் படியும். இந்த மனுஷனிடம் எப்படிக் கத்துவது?

அவர் குடித்த டம்ளரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எடுத்து ருசித்தேன். உலர்ந்த திராட்சை, புகையிலை, மழை பட்ட மண் வாசனை. இளம் ஒயினின் முரட்டுத் துவர்ப்பு துளியும் இல்லை. இன்னும் நாலு வருடம் போகட்டும் என்று நினைத்திருந்தேன். தப்பு. பதம் இன்றைக்குத்தான்.

படுக்கையிலிருந்து கேட்கிறார்: “தண்ணி நல்லா ஜில்லுன்னு கீதா மா?”